நாணயம் நிற்கும் எஞ்சின்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் புதுச்சேரி எல்லை கனகசெட்டிக்குளத்தில் தொடங்குகிறது. எல்லை வந்துவிட்டதைப் பெயர்ப்பலகைக்கு முன்பாகவே பெட்ரோல் பங்குகளும் மதுக்கடைகளும் சொல்லிவிடும். இரண்டுமே தமிழ்நாட்டைவிட இங்கே விலை குறைவு. முன்னதற்காக ஒதுங்குகிறவர்கள் குடும்பத்தோடும் பின்னதற்காக ஒதுங்குகிறவர்கள் நண்பர்களோடும் வருவார்கள் என்பது எங்கள் நெடுநாள் அவதானம்.

நாங்கள் நால்வர். மாதம் ஒரு ஞாயிறு இந்த ஊரில் உள்ள நண்பரின் வீட்டில் கூடிப் படித்ததைப் பேசுவது வழக்கம். அப்படி ஒரு காலையில் சாலையோரத் தேநீர்க் கடையில் நின்றபோது, பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்த பழைய டாட்ஜ் ஒன்று எங்கள் எதிரே ஓரம் கட்டியது. ஊதா நிறம், உருண்டை முதுகு, உதடு பிதுங்கிய முன்பக்கம். ஓட்டிவந்த பெரியவர் இறங்கி முன்மூடியைத் திறந்தார். வண்டி நின்றுபோய்விட்டது, ஏதோ கோளாறு என்றே நினைத்தோம். எங்களில் ஒருவர் பரிவோடு அருகே போய், "ஸ்டார்ட் ஆகலீங்களா ஐயா?" என்று கேட்டார். "நிக்கவே இல்லையே தம்பி, ஓடிக்கிட்டுத்தானே இருக்கு" என்றார் பெரியவர். குனிந்து பார்த்தால் விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, எஞ்சினின் தட்டையான இரும்புத் தலையின்மேல் விளிம்பில் நிறுத்தினார். நின்றது. தேநீர் ஆறும்வரை நின்றது.

இதை அவர் இதற்கு முன்பும் பலர் எதிரில் செய்து காட்டியிருப்பார் என்பதில் ஐயமில்லை. பழைய ஆறு சிலிண்டர் கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. ஆனாலும் அன்று கூட்டத்தில் அதற்குமேல் இலக்கியம் பேச முடியவில்லை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் நண்பரின் வீட்டுக் கொல்லையில், முந்திரி மரத்தடியில், இதே எஞ்சின் ஒன்று நாற்பது ஆண்டுகளாகத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. அதை என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் இன்றும் பூசல். இக்கட்டுரை அந்தப் பூசலில் ஒரு கட்சி.

நாணயம் ஏன் நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுவோம். பிஸ்டன் ஏறி இறங்கும்போது, கனெக்டிங் ராடின் சாய்வு காரணமாக மேல்பாதித் தூரத்தைச் சற்று விரைவாகவும் கீழ்ப்பாதியைச் சற்று மெதுவாகவும் கடக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு ஏறும்போது இரண்டு இறங்கினாலும், இந்த வேக வேற்றுமை ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதில்லை. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை மேலும் கீழுமாக ஓர் உதறல் மிஞ்சும். ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் நிறுத்தி, மூன்று இணைகளாக 120 பாகை இடைவெளியில் ஓடவிட்டால், ஓர் இணையின் மிச்சத்தை மற்ற இரண்டும் தின்றுவிடுகின்றன. மிஞ்சுவது ஒன்றுமில்லை. இதுவும் தவிர, நான்கில் ஒரு சிலிண்டரின் உந்தல் முழுதாக முடிந்த பிறகே அடுத்ததன் உந்தல் தொடங்கும். ஆறில் ஒன்று முடிக்கும் முன்பே இன்னொன்று தோள்கொடுத்துவிடுகிறது. பல்லக்குத் தூக்கிகள் தோள் மாற்றிக்கொள்வது உள்ளே இருப்பவருக்குத் தெரியக்கூடாது என்பார்களே, அதுதான்.

வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. கோட்டக்குப்பத்திலிருந்து வரும் மெக்கானிக் பாய் இதை "ஒண்ணு அஞ்சு மூணு, ஆறு ரெண்டு நாலு" என்று வாய்ப்பாடு போலச் சொல்வார். மூன்று மூன்றாகப் பிரித்து நடுவில் ஒரு மூச்சு விடுவார். முதன்முறை கேட்டபோது அறுசீர் விருத்தத்தின் அரையடிதான் எங்களுக்கு நினைவு வந்தது. நாற்சீரடிக்கு ஒரு நடை, அறுசீருக்கு வேறு நடை. அகவலைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். அம்பாஸடரும் பத்மினியும் அகவல்கள். அவற்றில்தான் எங்கள் பிள்ளைப்பருவம் முழுக்கக் கழிந்தது.

ஆறை ஒரே வரிசையில் நிறுத்துவது எளிதாக நடந்துவிடவில்லை. 1903ஆம் ஆண்டையொட்டி ஹாலந்தில் ஸ்பைக்கரும் இங்கிலாந்தில் நேப்பியரும் முயன்றார்கள். நீண்ட கிராங்க் ஷாஃப்ட் பிழிந்த துணி போல் முறுக்கிக்கொண்டு அதிர்ந்தது. சில ஒடிந்தும் போயின. 1906இல் ஹென்றி ராய்ஸ் தமது 40/50 குதிரைத்திறன் காரில், ஏழு லிட்டர் எஞ்சினை மும்மூன்றாக இரண்டு பாளங்களாகப் பிரித்து, தடித்த கிராங்க் ஷாஃப்டை ஏழு இடங்களில் தாங்கிப் பிடித்தார். அதன் பிறகுதான் 'சில்வர் கோஸ்ட்' என்ற பெயரும், நம் ஊர் மகாராஜாக்கள் வரிசையில் நின்றதும். அதுவரை ஆறு என்பது செல்வந்தர் சமாச்சாரம்.

அதை உடைத்தது 1929இன் செவ்ரோலே. நான்கின் விலைக்கு ஆறு என்பதே அவர்களது விளம்பரம். கறாராக விலை குறைத்துச் செய்த எஞ்சின் அது. அதன் திருகாணிகளைப் பார்த்து அமெரிக்கர்களே 'அடுப்பு ஆணி' என்று கேலிப்பெயர் வைத்தார்கள். கனெக்டிங் ராடின் அடிப்பகுதிக்கு அழுத்தத்தோடு எண்ணெய் போகும் வழி கிடையாது. ராடின் முனையில் சிறு அகப்பை ஒன்று உண்டு. சுற்றும்போது அது அடியிலுள்ள எண்ணெயை மொண்டு தனக்குத் தானே ஊற்றிக்கொள்ளும். எண்ணெய் அழுத்தமானியைப் பார்த்தால் முள் கீழேயே தூங்கும். புதிதாக வாங்கியவர் பதறிப்போய்ப் பட்டறைக்கு ஓடுவார். "இது இவ்ளோதான் காட்டும், பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்புவது மெக்கானிக்குகளின் வாடிக்கை. 1950களின் தொடக்கம் வரை இந்த அகப்பை வைத்தியம்தான் ஓடியது.

பேரிங்குகள் இன்றுபோல் கடையில் டப்பாவில் கிடைப்பவை அல்ல. வெள்ளீயக் கலவையை உருக்கி ராடின் வாயிலேயே வார்த்து, லேத்தில் கடைந்து, மை தடவிப் பார்த்துச் சுரண்டிப் பொருத்துவார்கள். 'மெட்டல் ஊற்றுவது' என்று பெயர். தேய்ந்தால் நடுவில் வைத்த மெல்லிய தகடு ஒன்றை உருவிவிட்டு இறுக்கலாம். எவ்வளவு இறுக்கம் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கையால் தூக்கிவிட்டால் ராடு தன் எடையிலேயே மெல்லச் சாய்ந்து இறங்க வேண்டும் என்பார் பாய். பொத்தென்று விழவும் கூடாது, அப்படியே நிற்கவும் கூடாது. இந்த ஓர் அளவைக் கற்றுக்கொள்ளத் தமக்கு மூன்று ஆண்டு ஆனதாக அவர் சொன்னபோது, எங்களில் கவிதை எழுதும் நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

செவ்ரோலேயின் வால்வுகள் தலைமேல் இருப்பதால் தையல் மெஷின் போல் 'டிக் டிக்' என்று ஓர் ஓசை உண்டு. டாட்ஜ், பிளைமவுத் வகையில் அதுவும் கிடையாது. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பாளத்துக்குள்ளேயே புதைந்திருக்கும். தலை என்பது வெறும் இரும்புப் பலகை. அதன்மேல் ஆறு பிளக்குகளும் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்த கிழவர்கள் மாதிரி இருக்கும். பலகையைக் கழற்றிக் கரி சுரண்டி மாட்டுவது அரைநாள் வேலை. மூன்றரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட கொள்ளளவுக்கு அது தரும் குதிரைத்திறன் நூற்றை எட்டாது. இன்றைக்குத் தண்ணீர் பாட்டில் அளவேயுள்ள மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின்கள் அதைத் தாண்டிவிடும். ஆனால் டாப் கியரில் மாட்டு வண்டிக்குப் பின்னால் நடைவேகத்தில் ஊர்ந்துவிட்டு, வழி கிடைத்ததும் கியர் மாற்றாமலே முக்கல் முனகல் இன்றி வேகமெடுக்க அவற்றால் ஆகாது. நம் சாலைகளில் மாட்டு வண்டிகள் இருந்த காலத்துக்கு இது பெரிய நாகரிகம்.

அதன் துர்க்குணங்களையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஆறேழு கிலோமீட்டர். ஒற்றைக் கார்புரேட்டர் நடுவில் இருக்க, பெட்ரோலாவி இரு கோடிகளுக்கும் ஒரே அளவில் போய்ச் சேராது. பந்தி நடுவே பரிமாறத் தொடங்கினால் கடைசி இலைக்குப் பாயசம் குறைவதுபோல ஒன்றாம், ஆறாம் சிலிண்டர்கள் எப்போதும் அரைப்பசியில் கிடக்கும். சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். நனைத்த கோணியைப் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றிவிட்டு மரநிழலில் காத்திருக்க வேண்டியதுதான். பேட்டரி ஆறு வோல்ட், அதிலும் கிறைஸ்லர் வகையறாவில் பாசிட்டிவ் முனைதான் உடற்கூட்டோடு இணைந்திருக்கும். எங்கள் நண்பர் வீட்டு வண்டியில் ஒருமுறை எலெக்ட்ரீஷியன் ஒருவர் வழக்கம்போல் நெகட்டிவை இணைத்துவிட்டுப் போக, ஆம்பியர் முள் ஒரு வாரம் தலைகீழாகவே ஆடியதாம். எல்லாவற்றிலும் பொல்லாதது, பாளத்துக்குள் நெடுக்கப் படுத்திருக்கும் தண்ணீர்க் குழாய். ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது, ஆறாவது சிலிண்டர் கடைக்கோடியில். குளிர்ந்த நீர் கடைசி வீடுவரை போய்ச் சேரவேண்டும் என்பதற்காக வைத்த துளையிட்ட தகரக் குழாய் அது. துரு தின்று அது உதிர்ந்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆறாவது மட்டும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும். கடற்கரை ஊர்க் கிணற்று நீரின் உப்புக்கு அந்தக் குழாய் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லவேண்டியதில்லை. நண்பர் வீட்டு எஞ்சினின் கதை முடிந்தது இதனால்தான்.

இடையில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். எஞ்சினின் குணத்தைத் தீர்மானிப்பவர் பொறியாளர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிக்குமேல் தீர்மானிப்பவர் வரி அதிகாரி. இங்கிலாந்தில் 1940களின் பிற்பகுதி வரை சிலிண்டரின் விட்டத்தை மட்டும் அளந்து கார்வரி போட்டார்கள். உயரத்துக்கு வரி இல்லை. ஆகவே ஆங்கிலேயர்கள் ஒடுங்கி உயர்ந்த சிலிண்டர்களாகச் செய்தார்கள். நிதானமாக, ஆழ்ந்து மூச்சுவிடும் அந்தச் சுபாவம் அப்படி வந்ததுதான். பிரெஞ்சுக்காரர்கள் கதையும் வேறல்ல. 1938இல் சித்ரோயன் கொண்டுவந்த ஆறு சிலிண்டர் காரின் பெயர் '15-சிக்ஸ்'. அந்தப் பதினைந்து வரிக்கணக்குக் குதிரைத்திறனை ஒட்டி வைத்த எண். (அந்த எஞ்சின் முதலில் எல்லோருக்கும் எதிர்த்திசையில் சுழன்றது. 1947இல்தான் வழிக்கு வந்தது.) நம் நாட்டிலும் 2006 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1200 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கும் உட்பட்ட கார்களுக்கு வரி குறைவு. 2025 செப்டம்பரில் வந்த ஜிஎஸ்டி மாற்றத்திலும் சிறியவற்றுக்கு 18 விழுக்காடு, பெரியவற்றுக்கு 40. இந்த நாலு மீட்டருக்குள் ஆறு சிலிண்டரை நெடுக்காகப் படுக்கவைத்தால் ஆள் உட்கார இடமிராது. தெருவெங்கும் மூன்று சிலிண்டர்கள் தடதடத்துக்கொண்டு போவதன் காரணம் இதுதான். எங்கள் தெரு ரசனை கெட்டுப்போனதால் அல்ல.

"இதெல்லாம் பண்ணையார் ஏக்கம், உங்கள் ஆறு சிலிண்டர் கிளப்பிய புழுதியைத் தின்றவர்களைப் பற்றி எழுதுங்கள்" என்றார் எங்களில் ஒருவர். நியாயமான கேள்வி. பிளஷர் காரில் போனவர்கள் சிலர், பார்த்தவர்கள் பலர். ஆனால் அதே செவ்ரோலே எஞ்சின்தான் தெற்கத்திச் சாலைகளில் லாரியாகவும் பஸ்ஸாகவும் ஓடியது என்பதை அவர் மறந்துவிட்டார். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் பங்கீடு வந்தபோது மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயு அடுப்புகள் செய்து பஸ்களின் முதுகில் பூட்டியது. அடுப்புக்கரியைக் கனியவைத்து, அதன் வாயுவைக் கார்புரேட்டருக்குப் பதிலாக எஞ்சினுக்கு ஊட்டுவது. விடிவதற்கு முன்பே கிளீனர் வந்து துருத்தி சுற்ற வேண்டும். சக்தி பாதியாகக் குறைந்துவிடும். ஏற்றத்தில் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். சந்தைக்கும் கோர்ட்டுக்கும் பெண் பார்க்கவும் சனங்கள் போனது அந்தக் கரி பஸ்ஸில்தான். எதைப் போட்டாலும் தின்று, எப்படியோ ஓடிய அந்த எஞ்சினைப் பண்ணையாருக்கு மட்டும் பட்டா போட்டுக்கொடுக்க எங்களுக்குச் சம்மதமில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு காட்சி மாறியது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கிறைஸ்லருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ பெயர்களில் ஆறு சிலிண்டர்களைக் கோத்துக்கொண்டிருந்தது. 1953இல், வெறுமனே பாகங்களைக் கோப்பவர்களுக்கு இனி இடமில்லை, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. மிஞ்சியவை அம்பாஸடர், ஃபியட், நம் சென்னையின் ஸ்டாண்டர்டு. எல்லாம் நாலு. அதற்குமுன் வந்திறங்கிய ஆறுகளே கடைசி ஆறுகள். உதிரிப்பாகம் இல்லை, பிஸ்டன் ரிங்கிலிருந்து கேஸ்கெட் வரை உள்ளூர்ப் பட்டறைகளே செய்துகொடுத்தன. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியதும் அதுவும் முடிந்தது. எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, சென்னை சிம்சன் கம்பெனியின் பெர்கின்ஸ் டீசலை உள்ளே இறக்கினார்கள். வண்டிக்கு மறுபிறவி, எஞ்சினுக்குக் கொல்லை.

நண்பரின் தாத்தா 1958இல் சென்னையில் கைமாற்றாக வாங்கிய டாட்ஜுக்கும் இதுவே நேர்ந்தது. குழாய் உதிர்ந்து, ஆறாவது சிலிண்டர் வெந்து, வால்வு இருக்கை பிளந்தது. நண்பரின் அப்பா டீசல் எஞ்சினைப் பொருத்தினார். தடதடவென்ற சத்தத்தை வைத்துப் பக்கத்து ஊர்க்காரர்களும் அடையாளம் சொல்வார்களாம். இரவில் வலியெடுத்த பெண்களை ஜிப்மருக்குக் கொண்டுபோனது அந்த வண்டிதான். 'பிரசவ வண்டி' என்றே இன்றும் முதியவர்கள் சொல்கிறார்கள். 2011 டிசம்பரில் தானே புயலில் கொட்டகை சரிந்து கூரை நசுங்கியதோடு அது ஓய்ந்தது.

இப்போது பழைய கார்களுக்கு மவுசு வந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு 'விண்டேஜ்' வண்டிகளுக்கென்று விதிகளை வெளியிட்டது. முதல் பதிவுக்குப் பின் ஐம்பது ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. 20,000 ரூபாய் கட்டினால் 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண், பத்தாண்டுக்கு. அந்த எண் பெற்ற வண்டியைத் தினப்படிப் புழக்கத்துக்கு எடுக்கலாகாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பழுதுபார்ப்பு, பெட்ரோல் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் ஓட்டலாம். (நாணயம் நிறுத்திக் காட்டிய பெரியவர் சென்னையிலிருந்து கனகசெட்டிக்குளத்துக்குப் பெட்ரோல் போட வந்தார் என்று வைத்துக்கொள்வோம்.)

விதியின் நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. இவ்வளவு காலம் கழித்தாவது அரசாங்கத்துக்குத் தோன்றியதே. ஆனால் இதன் விளைவு எப்படியிருக்கிறது என்று பாருங்கள். டீசல் மாற்றிய வண்டி 'கெட்டுப்போன' வண்டி ஆகிவிட்டது. அதைக் காப்பாற்றிக் கரைசேர்த்த எஞ்சினே அதன் குற்றப்பத்திரிகை. அசல் எஞ்சினைத் தேடி, இரண்டு வண்டிகளைப் பிரித்து ஒன்றாக்குகிறார்கள். அப்படி அரும்பாடுபட்டு அசலாக்கிய வண்டி ஆண்டுக்கு மூன்று நாள் வெளிச்சம் பார்க்கிறது. ஓடாத எஞ்சின் எப்படியிருக்கும் என்று எங்களைக் கேளுங்கள், கொல்லையில் ஒன்று இருக்கிறது. எண்ணெய் வடிந்து சிலிண்டர் சுவரில் துரு பிடிக்கும், ரிங் ஒட்டிக்கொள்ளும், சீல்கள் காய்ந்து வெடிக்கும். ஏட்டுச்சுவடியைப் பிரித்துப் படிக்காமல் பெட்டிக்குள் வைத்து ஆயுத பூசைக்கு மட்டும் குங்குமம் வைத்த வீடுகளில்தான் அதிகமும் செல்லரித்தது.

நண்பரின் மகன் விண்டேஜ் எண் வாங்கிவிடத் துடிக்கிறார். டீசலை இறக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஆறை ஏற்றவேண்டும் என்பது அவர் கட்சி. பண்ணையார் ஏக்கம் என்று சொன்னவர் அதற்கு நேர் எதிர்: முந்திரி மரத்தடி எஞ்சின் இருபத்தைந்து ஆண்டு ஓடியது, டீசல் முப்பதுக்கு மேல், பிரசவ வண்டிதான் இந்த ஊரின் சரித்திரம், அதைத் துடைத்துவிட்டு எந்த அசலை மீட்கப்போகிறீர்கள் என்கிறார். எங்களில் மற்றவர்களுக்கு இரு பக்கமும் மனம் இழுக்கிறது. ஆறு ஓடும் ஓசையை ஒருமுறையாவது இந்தக் கொல்லையில் கேட்கவேண்டும். அதற்காக டீசலை இறக்குவது, காப்பாற்றியவனை வாசலில் நிறுத்துவது போலிருக்கிறது.

தீர்ப்பு பாயிடமிருந்து வந்தது. "எதுக்குத் தம்பி வண்டியில ஏத்தணும்? பம்புசெட்டு மாதிரி நிறுத்தி ஓட்டலாமே." எஞ்சினைச் சட்டத்தில் ஏற்றி, முன்னால் ஒரு ரேடியேட்டர், பக்கத்தில் ஆறு வோல்ட் பேட்டரி, மேலே ஒரு பெட்ரோல் டப்பா. வாரம் ஒருநாள் ஓட்டினால் போதும். வண்டி டீசலோடு கொட்டகையில் இருக்கட்டும், விஏ எண் வேண்டாம். நண்பரின் மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்களுக்கு இது அறிவாளித்தனமாகவே படுகிறது. சட்டம் இரும்பைப் பாதுகாக்கிறது. பாயின் காதைப் பாதுகாக்க ஒரு விதியும் இல்லை. நீண்ட திருப்புளியின் நுனியைப் பாளத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, எந்தச் சிலிண்டர் என்ன குறை என்று சொல்லிவிடுவார். எழுபதைத் தாண்டிய மனிதர். அவர் கற்றது எதுவும் தமிழில் அச்சேறவில்லை, ஆங்கிலத்தில் உள்ள கையேட்டில் அவர் சொல்வதில் பாதிகூட இல்லை. 'மிஸ் அடிக்குது', 'மெட்டல் பேசுது', 'வால்வு விசில் விடுது' என்று அவர் சொல்லும்போது அவை வெவ்வேறு நோய்கள். பட்டறைத் தமிழுக்கு ஓர் அகராதி செய்யத் தோன்றாமல், சங்கச் சொற்களுக்கு நாலாவது உரை எழுதிக்கொண்டிருக்கும் நம்மை எண்ணி அன்று வெட்கமாக இருந்தது. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

நாள் அதிகமில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பங்குகளில் இப்போது கிடைப்பது இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அன்னியச் செலாவணி மிச்சம், கரும்பு விவசாயிக்கு வருமானம் என்கிறார்கள், இருக்கட்டும். பழைய எஞ்சினுக்கு அது மெல்லக் கொல்லும் நஞ்சு. பெட்ரோல் பம்பின் ரப்பர் சவ்வு ஊறிக் கிழிகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால் டேங்கின் அடியில் துரு மண்டுகிறது. கொதிநிலை குறைந்து, குழாயில் ஆவி அடைப்பது முன்னைவிட அதிகம். நனைத்த கோணி மறுபடி தேவைப்படுகிறது. புதிய சவ்வுகள் தேடினால் கிடைக்கும், டேங்குக்கு உட்பூச்சு உண்டு. ஆனால் அதையெல்லாம் எப்படிப் பொருத்துவது என்று பாயிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், பாயிடம் கேட்க இப்போது வருகிறவர்கள் நாங்கள் நால்வர்தான்.

ஆறு சிலிண்டர் அழிந்துவிடவில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும். எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரத்தைச் சுழற்றும் கார்கள் பெருகியபோது, அவ்வளவு நீளத்துக்கு இடமில்லாமல் பலர் வி-6 பக்கம் போனார்கள். பிஎம்டபிள்யூ மட்டும் 1933இல் பிடித்த பிடியை விடவில்லை. இருபது ஆண்டு விலகியிருந்த மெர்சிடிஸ் 2017இல் வரிசை ஆறுக்கே திரும்பி வந்தது. சென்னைக் கண்காட்சிக் கூடம் ஒன்றில் அப்படி ஒன்றின் முன்மூடியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தோம். மேலே முழுக்கக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. விற்பனையாளர் இளைஞர் நல்லவர், எவ்வளவோ விவரங்கள் சொன்னார். நாணயத்தை எங்கே நிறுத்துவது என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

கொல்லையில் வேலை தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. எஞ்சினைச் சட்டத்தில் ஏற்றியாயிற்று. உதிர்ந்த தண்ணீர்க் குழாயின் மிச்சத்தைக் கம்பி விட்டுத் துண்டு துண்டாக இழுத்தெடுத்து, அதே அளவில் பித்தளையில் ஒன்று செய்து நுழைத்துவிட்டார் பாய். பிளந்த வால்வு இருக்கைக்கு வளையம் இறக்கியாயிற்று. ஆனால் நான்கும் ஆறும் இறுகிக் கிடக்கின்றன. பிளக் துளைகள் வழியே மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவைத்திருக்கிறார். வெள்ளிதோறும் தொழுகை முடித்து வந்து, முன்னால் ஹேண்டிலை மாட்டி, ஒரே ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். அசையாது. தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். நாங்கள் அழுத்துகிறோம் என்றால் விடமாட்டார், "முரண்டு பண்ணா ராடு வளைஞ்சிடும்" என்பார்.

சென்ற வெள்ளி 'டக்' என்று ஒரு சத்தம். ஹேண்டில் இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. நண்பரின் மகன்தான் முதலில் ஓடிவந்தான். பாய் ஹேண்டிலைக் கழற்றித் துடைத்து, கோணியில் சுருட்டி வைத்தார்.

"இன்னிக்கு இவ்ளோ போதும்" என்றார்.